அப்பாவின் பட்டறைச் சாமான்கள் முழுக்கத் துரு. எதில் இருந்து ஆரம்பிப்பது?

உசிலங்காட்டான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. நான் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊரோடு வந்திருக்கிறேன். அப்பா தச்சர் இல்லை, விவசாயம் பார்த்த சம்சாரிதான். ஆனால் கதவு சாய்ந்தாலும் கட்டில் ஆடினாலும் ஆளைத் தேட மாட்டார், தானே செய்துவிடுவார். மோட்டார் ரூமை ஒட்டி அதற்கென்று ஓர் அறை வைத்திருந்தார்.

இந்த வாரம்தான் அந்த அறையைத் திறந்தேன். சாவி திரும்பவே இல்லை, கடைசியில் பூட்டை அறுக்க வேண்டியதாயிற்று. உள்ளே உளி ஏழு, இழைப்புளி இரண்டு, கைரம்பம் ஒன்று, ஒரு பெரிய வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கிற திருகு இடுக்கி), மம்பட்டி நான்கு, கடப்பாரை, கோடாலி, அரிவாள், கருக்கரிவாள் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே செங்கல் நிறத்தில். வைஸ் அசையவே இல்லை. மம்பட்டிகளில் இரண்டுக்குக் கணை, அதாவது மரப்பிடி, ஆடுகிறது, ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து மாமா "பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசா வாங்குப்பா" என்கிறார். மனசு வரவில்லை. எதை எப்படிச் சரி செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, எதையும் எடைக்குப் போடாதீர்கள். அந்தக் காலத்து உளியின் இரும்பு இப்போது கடையில் கிடைக்கிற மலிவு உளியில் கிடையாது. மேலே இருக்கிற துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உளியைத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்கள், அதாவது தட்டையான பக்கம். அங்கே வெட்டு விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் ஆழமான குழி இருந்தால்தான் கவலை. மேலே குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

இழைப்புளி மரக்கட்டையா, இரும்பா? மரக்கட்டை என்றால் ஆப்பைத் தட்டித் தகட்டை மட்டும் கழற்றி எடுங்கள். கட்டையைத் தண்ணீர் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

பைபாஸ் ரோடு | ஞாயிறு, இரவு 10.12

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் அரை மணி நேரம் போடுங்கள். வெள்ளையாக வந்துவிடும். நான் கிரில் கேட்டுக்கு அப்படித்தான் செய்தேன்.

சாணைக்கல் | ஞாயிறு, இரவு 10.30

பைபாஸ் அண்ணே, கேட்டுக்கு ஒரு வருடம் கழித்து என்ன ஆனது என்று சொல்லவில்லையே :)

உசிலங்காட்டான், ஆசிட் வேண்டாம். துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தின்னும். இடுக்கில் தங்கியது எவ்வளவு கழுவினாலும் போகாது, மறுநாளே பழையபடி துரு பூக்கும். சமையலுக்கு விற்கிற வெள்ளை வினிகர் போதும். ஒரு பழைய பெயின்ட் வாளியில் உளிகள் முங்கும் அளவு ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மரப்பிடி இருந்தால் பிடி வெளியே இருக்கட்டும். காலையில் எடுத்துப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தேய்த்தால் கறுப்புச் சேறு மாதிரி வழிந்து வரும். வராவிட்டால் இன்னும் அரை நாள். அதற்கு மேல் மறந்துபோய் மூன்று நாள் விட்டுவிடாதீர்கள், வினிகரும் அமிலம்தான், இரும்பு அரிபடும்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. வெளியே எடுத்ததும் தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட வேண்டும். அமிலம் முறிந்துவிடும். பிறகு துணியால் துடைத்து வெயிலில் காய வைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும். "சாப்பிட்டு வந்து தடவலாம்" என்று நினைத்தால், சாப்பிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

செல்லூர் அக்கா | திங்கள், காலை 6.50

புளி கரைத்து ஊற வைத்தாலும் போகும். நான் அருவாமனைக்கு அப்படித்தான் செய்வேன். நேரம் மட்டும் கூட ஆகும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) பாக்கெட் இருந்தால் அது வினிகரைவிட மலிவு, வாசனையும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று கரண்டி.

வேதியியல் வாத்தியார் | திங்கள், காலை 8.15

எல்லோரும் துருவை எப்படி எடுப்பது என்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். மதுரைப் பக்கம் இவ்வளவு காய்ந்த ஊர். கடற்கரை இல்லை, உப்புக்காற்று இல்லை. இரண்டே வருடத்தில் பூட்டு முதல் வைஸ் வரை சிக்கிக்கொள்ளும் அளவுக்குத் துரு ஏறுவதற்கு வழியே இல்லை. அந்த அறையில் சாமான்களைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

உசிலங்காட்டான் | திங்கள், மதியம் 1.20

சார், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். யூரியா அரை மூட்டை, பொட்டாஷ் ஒன்றரை மூட்டை, எல்லாம் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. மூட்டைக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறது. அலமாரியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் பை ஒன்று வாய் திறந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆசிட் பாட்டில் இரண்டு, ஒன்றின் மூடி வெடித்திருக்கிறது.

வேதியியல் வாத்தியார் | திங்கள், மதியம் 1.34

நினைத்தேன். முதலில் அவசரம்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது மூச்சை அடைக்கிற விஷம். இன்றைக்கே கதவு ஜன்னலைத் திறந்து போட்டு, கொஞ்ச நேரம் காற்று ஓடவிட்டு, முதலில் ஒன்றை எடுத்து வெளியே தூரமாக வையுங்கள். அப்புறம் மற்றதை எடுங்கள். இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இப்போது துருவுக்கு வருவோம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். யூரியாவோடு சேர்ந்தால் ஐப்பசி ஈரத்தை நன்றாக இழுக்கும். ஈரத்தோடு குளோரைடு சேர்ந்தால் கடற்கரை வீடு மாதிரிதான். மூடி வெடித்த ஆசிட் பாட்டில் அதற்கு மேல். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவி வந்துகொண்டே இருக்கும், அந்த அறையில் உள்ள ஒவ்வொரு இரும்பின் மேலும் படியும். பாட்டிலைத் திறக்கவே வேண்டாம், மூடி சரியில்லை என்றால் போதும். எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே ஆசிட் அலமாரிக்குப் பக்கத்தில் உள்ள பீரோவின் கீல்தான் முதலில் போகும்.

நீங்கள் எவ்வளவு துடைத்து எண்ணெய் போட்டாலும், அதே அறையில் திரும்ப வைத்தால் தை மாதத்துக்குள் பழைய கதைதான். உரத்துக்கும் ஆசிட்டுக்கும் வேறு இடம் பார்க்காமல் வினிகர் வாங்கப் போகாதீர்கள்.

பைபாஸ் ரோடு | திங்கள், மதியம் 2.02

சார் சொன்ன பிறகு என் கேட்டைப் போய்ப் பார்த்தேன். கீல் பக்கம் உரிந்து வருகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

வாடிப்பட்டித் தோட்டம் | திங்கள், இரவு 8.45

வைஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. திருகு மரையில் டீசல் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் சின்னச் சுத்தியலால் திருகின் தலையில் லேசாகத் தட்டிக் கொடுங்கள், டீசல் உள்ளே இறங்க அந்த அதிர்வு உதவும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழை, பிறகு தளர்த்துகிற பக்கம் ஒரு இழை, இப்படியே மாற்றி மாற்றி அசையுங்கள். கைப்பிடியில் இரண்டடி பைப்பைச் சொருகி மல்லுக்கட்ட வேண்டாம். வைஸ் உடம்பு வார்ப்பிரும்பு, வளையாது, நேராக உடையும். என் சித்தப்பா அப்படி ஒன்றை இரண்டாகப் பிளந்தார்.

மம்பட்டிக் கணை ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். அன்றைக்கு இறுகும், மறுவாரம் முன்னைவிட மோசமாக ஆடும். மரம் ஊறும்போது இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமில்லாமல் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்தால் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஆப்பு அடிப்பதுதான் சரி.

உசிலங்காட்டான் | திங்கள், இரவு 9.10

கரையான் தின்ற கணைக்குப் பதில் புதுக் கணை எந்த மரத்தில் போடலாம் அண்ணே?

வாடிப்பட்டித் தோட்டம் | திங்கள், இரவு 9.25

உசிலம்பட்டிக்காரர் கேட்கிற கேள்வியா இது! உங்கள் ஊர்ப் பெயரே உசிலை மரத்தால் வந்தது என்பார்கள். அரப்புப் பொடி அரைக்க இலை பறிக்கிற அதே மரம்தான். கட்டை நல்ல உறுதி. வேம்பும் வாகையும்கூட ஆகும். எதுவானாலும் கிளையை வெட்டிய அன்றே கணை போடாதீர்கள். வெட்டு முனை இரண்டிலும் சாணியை அப்பி, நிழலில் நான்கைந்து மாதமாவது கிடக்கட்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் வெடிப்பு விழும், சாணி அதைத் தாமதப்படுத்தும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று எங்கள் அப்பத்தா சொல்வார். எனக்கு அதில் நிச்சயமில்லை, ஆனால் வளர்பிறையில் வெட்டி அவரிடம் திட்டு வாங்கத் தைரியமும் இல்லை.

ரேகை கணையின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். சரிவாக ஓடினால் ஓங்கிப் போடும் வேகத்தில் அந்தச் சரிவிலேயே பிளக்கும். முடிச்சு இருந்தால் கைபிடிக்கிற இடத்தில் இருக்கட்டும், இரும்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இழைப்புளி | திங்கள், இரவு 9.50

கோடாலிக்கு ஒரு கைவேலை. காம்பைக் கண்ணுக்குள் நுழைத்துத் தரையில் குத்தி இறக்காதீர்கள். தலை கீழே பார்க்கத் தொங்கவிட்டு, காம்பின் அடி முனையில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். தலை தானாகக் காம்பில் ஏறிக்கொண்டே வரும், கண்ணால் பார்த்தாலும் நம்ப முடியாது. இரும்பின் கனம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, காம்பு மட்டும் அதற்குள் இறங்குகிறது. இனி ஏறாது என்று சத்தம் மாறும்போது நிறுத்தி ஆப்பு அடியுங்கள்.

சமயநல்லூர் | செவ்வாய், காலை 7.05

பிடிக்கு எண்ணெய்? நான் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறேன்.

சாணைக்கல் | செவ்வாய், காலை 7.40

நல்ல கேள்வி. எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகித் தோல் மாதிரி ஆகும். மரப்பிடிக்கு அதுதான் வேண்டும், பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய் இறுகாது, பிடியில் போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் இரும்புக்கு அது பரவாயில்லை, மெல்லிசாகத் துடைத்தால் போதும். விளக்கெண்ணெயும் இறுகாது, கெட்டியாக நிற்கும். பழைய நாளில் வண்டி மைக்கு வைக்கோல் கரியோடு அதைக் குழைத்தது சும்மா இல்லை.

மோசம் நல்லெண்ணெய்தான். சாமிக்கு ஏற்றியது மீந்தது என்று பூட்டிலும் கீலிலும் விடுகிறோம். அது பாதி இறுகும் ஜாதி. ஆறு மாதத்தில் பிசினாகி, தூசியைப் பிடித்து, அரக்கு மாதிரி அடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பும், குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

உசிலங்காட்டான் | செவ்வாய், மதியம் 12.15

பூட்டு விஷயம் புரிந்துவிட்டது! அம்மாவிடம் கேட்டேன். மாதா மாதம் விளக்கில் மீந்த நல்லெண்ணெயை அப்பாதான் பூட்டில் விடுவாராம்.

திண்டுக்கல் ரோடு | செவ்வாய், மதியம் 12.50

அறுத்தது திண்டுக்கல் பூட்டு என்றால் எனக்கு வயிறு எரிகிறது :( கையால் செய்த மாங்காய்ப் பூட்டு எங்கள் வீட்டில் தாத்தா காலத்தது இன்னும் ஓடுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தும் செய்கிற ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த முறை பூட்டு திரும்பாவிட்டால் அறுக்கும் முன் துளையில் டீசல் விட்டு, சாவியைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துப் பாருங்கள். பிசின் கரைந்து கறுப்பாக வழியும். காய்ந்த பிறகு எண்ணெய் வேண்டாம். பென்சில் முனையைப் பொடி செய்து சாவியில் தடவிச் சுழற்றுங்கள். அது வழுக்கும், தூசியைப் பிடிக்காது. வெளியில் தொங்குகிற பூட்டுக்குப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு முழம் வெட்டிக் குல்லா மாதிரி மாட்டிவிடுங்கள், மழை இறங்காது.

பைபாஸ் ரோடு | செவ்வாய், மாலை 6.20

கரையானுக்கு நான் ஒன்று சொல்லலாமா, அல்லது அதிலும் மாட்டிக்கொள்வேனா? வண்டி ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் வாங்கிச் சுவரோரம் ஊற்றினால் வராது.

வேதியியல் வாத்தியார் | செவ்வாய், மாலை 6.45

மாட்டிக்கொண்டீர்கள். உசிலங்காட்டான் முதல் பதிவிலேயே மோட்டார் ரூமை ஒட்டிய அறை என்றார், அதாவது கிணற்றடி. கழிவு ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் வருவிக்கிற பொருள்களும் உண்டு. இன்று சுவரோரம், நாளை கிணற்றில். அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள்?

நம் ஊர்க் கரையான் மண்ணிலிருந்து வருகிறது. ஈரம் இல்லாமல் அதனால் இருக்க முடியாது, அதனால்தான் சுவரில் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது. மரத்தைத் தரையிலும் சுவரிலும் படாமல் செங்கல் மேல் வையுங்கள், சுவருக்கும் மரத்துக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். வாரம் ஒரு முறை சுவரைப் பார்த்து மண் கோடு தெரிந்தால் சுரண்டி எடுங்கள். உர மூட்டைக்கு அடியில் தரை ஈரம் என்றீர்களே, துருவுக்கும் கரையானுக்கும் அந்த ஒரே ஈரம்தான். மரத்துக்குள் இறங்கிவிட்டால் போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் பூசலாம், ஆனால் அது மழையில் கரைந்துவிடும், கூரைக்குள் இருக்கிற சாமானுக்கு மட்டும்தான்.

மானாமதுரை ரயில் | செவ்வாய், இரவு 10.10

அரிவாளை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் லாரி வில்லுப் பட்டையில் அடித்ததாக இருக்கும். அதைக் கிரைண்டர் மிஷினில் வைத்துச் சாணை பிடிக்காதீர்கள். விளிம்பு நீலமாக மாறினால் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) போய்விட்டது என்று அர்த்தம், 300 டிகிரியைத் தொட்டிருக்கும். அப்புறம் முருங்கைக் கிளையில் போட்டாலே மழுங்கும். அரத்தால் இழுத்துவிட்டுச் சாணைக்கல்லில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், நேரம் ஆனால் ஆகட்டும். மிஷின்தான் வேண்டும் என்றால் இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். வைக்கோல் படப்புப் பக்கம் மிஷினைப் போடாதீர்கள், பொறி எவ்வளவு தூரம் போகும் என்று இரவில் ஓட்டினால்தான் தெரியும்.

கருக்கரிவாளைப் பல் இருக்கிற பக்கம் தொடவே கூடாது. தட்டையான மறுபக்கத்தை மட்டும் கல்லில் படிய வைத்து இழுங்கள். பல் தேய்ந்து போயிருந்தால் கொல்லுப்பட்டறையில் புதிதாகக் கருக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

செல்லூர் அக்கா | புதன், காலை 6.30

கடப்பாரைக்கும் கிணற்றுச் சகடைக்கும் வினிகர் எத்தனை வாளி வாங்குவது? கடுக்காய் இருக்கிறதே. இடித்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த துருவின் மேல் பூசுங்கள். துரு கறுப்பாக மாறிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மை காய்ச்சினது இதே கடுக்காயும் இரும்பும்தான். இரண்டு பூச்சு பூசி மேலே எண்ணெய் துடைத்தேன், எங்கள் சகடை இரண்டு மழை தாங்கியிருக்கிறது. கையில் பட்டால் கறை போக நாலு நாள் ஆகும், பழைய சேலையைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

சாணைக்கல் | புதன், காலை 7.15

அக்கா சொன்னது சரி. கடுக்காயின் துவர்ப்புதான் வேலை செய்கிறது. வெட்டு விளிம்பு உள்ள சாமானுக்கு மட்டும் வேண்டாம், கனத்த இரும்புக்கு அருமை.

இன்னொன்று. ஆயுத பூஜைக்குச் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். வைத்ததை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த வருடம் பார்க்கும்போது பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகக் குழி விழுந்திருக்கும். மறுநாள் எடுக்கும்போது துடைத்து எண்ணெய் தடவுங்கள். அடைமழை தொடங்கும் நேரம் அது. எல்லாச் சாமானையும் வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைப்பதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

உசிலங்காட்டான் | ஞாயிறு, மாலை 5.30

ஒரு வாரக் கணக்கு. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தனித்தனியாக அப்புறப்படுத்தினேன். உரம் இப்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் பலகை மேல் இருக்கிறது. தரையைக் காய விட்டேன்.

ஏழு உளியில் ஆறு தேறின. ஒன்றின் முதுகில் குழி, அதைப் பெயின்ட் டப்பா திறக்க வைத்துக்கொண்டேன். உளிகளைச் சோடாவில் போட்டு எடுத்ததும் போன் வந்தது. பேசி முடித்து வந்தால் சாணைக்கல் அண்ணன் சொன்ன அதே மஞ்சள். மறுபடியும் முதலில் இருந்து. வைஸ் நான்காவது நாள் அசைந்தது. கோடாலித் தலை ஏறுகிற வித்தையை அம்மாவுக்குச் செய்து காட்டினேன், "உங்கப்பா இதைத்தான் செய்வாரு, நீ பாத்ததில்லையா" என்று கேட்டார்.

மிச்சம் ரம்பம் மட்டும்தான். வினிகரில் போடப் பயமாக இருக்கிறது, தகடு மெல்லிசு. பல்லும் மழுங்கல். சாணை பிடிக்கிற ஆள் "ரம்பம் எல்லாம் இப்ப யாரும் கொண்டு வர்றதில்ல" என்கிறார்.

இழைப்புளி | ஞாயிறு, மாலை 6.05

பயந்தது சரிதான், ஊறப் போட வேண்டாம். பலகை மேல் தட்டையாக வைத்து, டீசல் தொட்டு நைசான உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி நீளவாக்கில் தேயுங்கள்.

பல்லுக்கு ஆள் தேட வேண்டாம். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஹார்டுவேர் கடையில் சின்ன முக்கோண அரம் கேளுங்கள். ரம்பத்தை இரண்டு பலகைக்கு நடுவில் பல் மட்டும் வெளியே தெரியும்படி கொடுத்து, வைஸில் இறுக்குங்கள். வைஸ்தான் ஓடுகிறதே. ஒரு பல் விட்டு ஒரு பல், முன்னோக்கி மட்டும் இரண்டு இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. முடிந்ததும் ரம்பத்தைத் திருப்பி வைத்து, விட்ட பற்களை இழுங்கள். எந்தப் பல் முடிந்தது என்று குழம்பாமல் இருக்க, ஆரம்பிக்கும் முன் பல் முனைகளில் கறுப்பு மை தடவிக்கொள்ளுங்கள், இழுத்த பல் பளிச்சென்று தெரியும். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும். போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.